கோப்பை முப்பத்தேழு

கூட்டுப்புழுக்களைச் சல்லடையில் சலிக்கிறேன்.
சிறியவை கீழே விழும், ஆண்.
பெரியவை மேலே தங்கும், பெண்.
ஜாலான் பஹாங்கைப் பார்த்த ஜன்னல்,
குளிர்சாதனத்தைத் தொடாதே என்று
ஹஸ்னா ஒட்டிய மஞ்சள் காகிதம்.

ஆண்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு.
பெண்களுக்கும் அதுவே, கூடவே வாரம் இருமுறை ரத்தம்.
காலையில் செத்ததை எண்ணி எழுதுவது என் வேலை.
இரண்டாம் வாரம் ஆண் கூண்டின் தரை
எள் கொட்டினாற்போல் கிடக்கும்.
முப்பதாம் நாளிலும் பெண் கூண்டில்
கையை வைத்தால் மோப்பம் பிடித்து வரும்.

ஏன் என்று டாக்டர் சுவீ லானைக் கேட்டேன்.
மனிதருக்கென்றால் ஓரளவு சொல்லலாம் என்றார்.
பெண்ணுக்கு ஒரே புத்தகம் இரண்டு பிரதி,
ஒன்றில் பக்கம் கிழிந்தால்
மற்றதைப் பார்த்துப் படித்துக்கொள்ளும் உடம்பு.
ஆணுக்கு ஒன்றுதான். பக்கத்தில் இருப்பது
பாதித் தாள் உதிர்ந்த குட்டைப் புத்தகம்.
பறவைகளில் தலைகீழ்:
ஒற்றைப் பிரதி பெட்டைக்கு,
பல இனங்களில் அதுதான் முந்திப் போகிறது.
"அப்போ கொசுவுக்கு?"
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இந்தக் கொசுவில் இருபாலுக்கும் ஏறக்குறைய ஒரே புத்தகமாம்,
ஒரு பத்தி மட்டும் மாறுமாம்.
"இன்னும் சரியா தெரியல லா."
அவ்வளவு படித்தவர் அப்படிச் சொன்னது
எனக்குப் பிடித்திருந்தது.

தெரியாததை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.
செந்தூல் பிளாட், பதினோராம் மாடி.
லிஃப்ட் ஏற ஏறக் கணக்கு தானாக ஓடும்.
மூன்றில் புஷ்பராணி, தனி.
ஐந்தில் கமாரியா, தனி.
ஏழில் மிஸஸ் ஹோ, தனி, ஒரு பூனை.
எட்டில் தனியாக ஓர் ஆண்;
அவர் மனைவி சாகவில்லை, ஜொகூருக்குப் போய்விட்டாள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன மாதம் பெர்க்கேசோ அலுவலகத்தில்
அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன்.
எண் சீட்டு 1146.
நாற்காலிகளில் பெண்கள். ஒவ்வொரு மடியிலும் நெகிழி உறை,
உள்ளே மரணச் சான்றிதழ், அடையாள அட்டையின் நகல்.
மோட்டார், சாரம், இரவு லாரி, நெஞ்சு,
நெஞ்சு,
நெஞ்சு.
எந்தப் பக்கம் கிழிந்தது இதில்?
அத்தான் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போனார்.

குணாளன் கிரேன் ஓட்டுகிறார்.
துன் ரசாக் சாலையில் நாற்பதாம் மாடிக்கு
இரும்பு தூக்குகிறவர்
கிளினிக்கின் மூன்று படி ஏற மாட்டார்.
ரத்தக் கொதிப்பு மாத்திரை பிஸ்கட் டின்னில்,
அட்டை உடையாமல்.

கோப்பை முப்பத்தேழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
துணை சேர்க்காமல் தனியே வைத்த ஆண்,
இறகு போல் மீசை.
நேற்றோடு நாற்பத்தொரு நாள்.
வரைபடத்தில் இடிக்கிறது, விலக்கலாமா என்று
கணினி கேட்கிறது. நான் பதில் தரவில்லை.
ஹஸ்னா தினமும் குனிந்து விசாரிக்கிறாள்,
"பாக்சிக், சுடா மாக்கான்?"

இரவு இதைச் சொன்னதும் குணாளன்,
"யாரோடும் சேராம இருந்தாதான் ஆயுசா?
அப்ப நான் ஹாலிலேயே படுத்துக்கிறேன்" என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இருமலானது.
எண்ணினேன்.
பழக்கம்.

ஒரு மாத்திரையைப் பிதுக்கி
தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒன்றும் பேசவில்லை.
கீழே புகைவண்டி, அதாவது கொசுப் புகை அடிக்கிற வண்டி,
உறுமிக்கொண்டு வந்தது.
வெள்ளைப் புகை மாடி மாடியாக ஏறியது,
புஷ்பராணி, கமாரியா, மிஸஸ் ஹோ.
அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.
நானும் எழுந்து பின்வாசல் ஜன்னலைச் சாத்தப் போனேன்.
திரும்பும்போது மேசையில்
கோப்பையின் ஈர வட்டம் மட்டும்.

விழுங்கினாரா, பையில் போட்டுக்கொண்டாரா,
நாளைக்குச் சட்டை துவைக்கும்போது தெரியும்.